ஏழுக்குக் குறையாத வலி

ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறையில் இருந்த பழைய லேசர் கருவி ஒரு நாள் காலையில் 'பீப்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு உயிரை விட்டது. வீட்டில் மிக்சி போனால் கடைக்குப் போய் வேறு மிக்சி வாங்கி வருகிறோம். ஆஸ்பத்திரி அப்படிச் செய்துவிட முடியுமா? மூன்று கம்பெனிகளிடம் ஆளுக்கொரு கருவியை, பார்த்துவிட்டுத் தருகிறோம் என்று சொல்லி வாங்கி வைத்தார்கள். எது நல்லது என்று கண்டுபிடிக்க 'சிகிச்சை லேசர் கருவிகள் ஒப்பீட்டு உயர்நிலைக் குழு' என்று ஒன்றைப் போட்டார்கள். கீழ்நிலைக் குழு என்று எங்கேயும் எதுவும் கிடையாது.

குழுவுக்குத் தலைவர் கண் டாக்டர். தோளுக்கும் முழங்கைக்கும் வைத்தியம் பார்க்கிற கருவிக்குக் கண் டாக்டர் எதற்கு என்று கேட்கக் கூடாது. லேசர் என்றாலே கண் என்பது அந்த ஆஸ்பத்திரியில் எப்போதோ முடிவாகிவிட்ட விஷயம். அவருக்குக் கீழே கொள்முதல் அதிகாரி ஒருவர், கருவிகளைப் பராமரிக்கும் என்ஜினியர் ஒருவர். கருவியைத் தினமும் கையில் பிடித்து வேலை செய்யப்போகிற பிசியோதெரபிஸ்ட் பெண்ணைக் குழுவில் சேர்க்கவில்லை. அவளைச் சேர்த்தால் அவளுக்கென்று ஓர் அபிப்பிராயம் இருக்கும், அது ஒப்பீட்டைக் கெடுத்துவிடும் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் கணக்கு டீச்சர் வலது தோளைப் பிடித்துக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தார்.

டீச்சருக்குக் கை தோள் உயரத்துக்கு மேலே போகவில்லை. பத்தாம் வகுப்பின் கரும்பலகையில் மேல் பாதி எழுதாமல் பளிச்சென்று கிடந்தது. கீழ் பாதியில் நெருக்கி நெருக்கி எழுதி, விடை வரும்போது டீச்சர் குத்துக்காலிட்டு உட்கார வேண்டியிருந்தது. கடைசி பெஞ்சுக்காரர்கள் விடையைப் பார்க்க எழுந்து நின்றார்கள். எழுந்து நின்றவர்கள் சும்மா நிற்பார்களா? இதைத் தலைமை ஆசிரியை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். "லீவு முடிஞ்சு வரும்போது கை சரியாகலைன்னா பத்தாம் வகுப்பைப் புது சாருக்குக் குடுத்துடலாம் டீச்சர். உங்களுக்கு லைப்ரரி இருக்கவே இருக்கு" என்று அன்பாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் லைப்ரரி என்பது ஒரு பூட்டிய அலமாரி. டீச்சருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பத்தாம் வகுப்பை விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது.

பிசியோதெரபி அறைக்கு வெளியே நீள பெஞ்சில் நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிசியோ பெண் ஒவ்வொருவரிடமும் குனிந்து, "வலி பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

முழங்கை வலிக்காரரான லாரி டிரைவர், "நம்பரெல்லாம் தெரியாதும்மா. உள்ளுக்குள்ள பல்லி ஓடுற மாதிரி இருக்கு" என்றார்.

இஸ்திரி போடும் அம்மா மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "காலைல வேற, சாயங்காலம் வேற. பெட்டி சூடாக ஆக இதுவும் சூடாகுது" என்றார்.

"ஏழு" என்றார் டீச்சர்.

"ஆறு ஏழுன்னு வெச்சுக்கலாமா டீச்சர்?"

"எதுக்கு வெச்சுக்கணும்? ஏழு."

இந்த ஒரு வார்த்தைதான் வம்பை விலைக்கு வாங்கியது. சேதி குழுவின் அறைக்குப் போனது. தலைவரே நேரில் வந்துவிட்டார். அவர் பேசும்போது ஒரு குதிகாலைத் தரையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு பேசுவார். வெகுநாள் பழக்கம்.

"அம்மா, மூணு மாணவர்கள்ல யாரு கெட்டிக்காரன்னு பாக்கணும்னா என்ன செய்வீங்க? ஆளுக்கொரு கேள்வித்தாள் குடுப்பீங்களா?"

"அது எப்படி? எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள்தான்."

"அப்படிச் சொல்லுங்க! இந்த மூணு கருவிக்கும் உங்க வலிதான் கேள்வித்தாள்."

டீச்சருக்கு இது நியாயமாகத்தான் பட்டது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்? இத்தனை வருஷ சர்வீஸில் நல்லாசிரியர் விருதுக்குக் கூட அவரை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை. இப்போது அவருடைய தோளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 'நிலையான நோயாளி' என்று எழுதிய அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். குழுவில் நோயாளிகள் சார்பாக ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி இருந்ததால், அந்த இடத்தையும் அவருக்கே கொடுத்து, ஓட்டுரிமையும் உண்டு என்றார்கள்.

முதல் கருவி பீரோ அளவில் சக்கரம் வைத்து வந்தது. இரண்டாவது, சாப்பாட்டு டப்பா அளவில் அடக்கமாக இருந்தது. மூன்றாவது பேசியது. சுவிட்சைப் போட்டதும், "வணக்கம். உங்கள் நலனே எங்கள் ஒளி" என்று ஒரு பெண் குரலில் சொல்லிவிட்டு, கேட்பவர்கள் பதில் வணக்கம் சொல்வதற்காகச் சற்றுக் காத்திருந்தது. கொள்முதல் அதிகாரி ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

லேசர் கண்ணில் படக் கூடாது என்பதால் ஒவ்வொரு கருவியோடும் அதற்கென்று ஒரு நிறக் கண்ணாடி வந்தது. கருவி ஓடும்போது மட்டும் போட்டால் போதும் என்று பிசியோ பெண் சொன்னாள். பாதுகாப்பில் போதும் என்ற பேச்சே கிடையாது என்று தலைவர் சொல்லிவிட்டார். அதனால் மூவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கூட்டம் நடத்தினார்கள், டீ குடித்தார்கள், படியிறங்கினார்கள். முதல் கருவியின் பச்சைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அதன் சிவப்பு விளக்கு தெரியாது. "கருவி எரியவில்லை" என்று என்ஜினியர் குறித்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கலாமே என்று டீச்சர் சொன்னதற்கு, கழற்றினால் அது வேறு சோதனையாகிவிடும் என்று பதில் வந்தது.

எரியாத அந்தக் கருவியைப் பிசியோ பெண் தினமும் தோளில் வைத்து நகர்த்தினாள். இளஞ்சூடு பரவும். பிறகு டீச்சர் சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக மேலே நடத்திப் பயிற்சி செய்வார். ஒரு நாள் காலை பல் தேய்க்கும்போது முழங்கை கொஞ்சம் தாராளமாகப் போவதை டீச்சர் கவனித்தார். சந்தோஷம் தாங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, "அஞ்சு!" என்றார்.

பிசியோ பெண் சிரித்தாள். குழு சிரிக்கவில்லை. உடனடியாக அவசரக் கூட்டம் கூட்டினார்கள்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றார் தலைவர்.

"என்ன பண்ணேன்?"

"ஏழுல இருந்த வலியை அஞ்சுக்குக் கொண்டுவந்துட்டீங்களே. நாளைக்கு ரெண்டாவது கருவி அஞ்சுலேருந்து ஆரம்பிச்சா அதுக்கு நியாயமா? ஓட்டப்பந்தயத்துல ஒருத்தனை மட்டும் பாதி தூரத்துல நிக்க வெச்சு ஓட விடுவீங்களா?"

"அப்ப நான் குணமாகக் கூடாதுங்கறீங்களா?"

"ஐயையோ, அப்படி யாரு சொன்னா? இது ஆஸ்பத்திரிம்மா, இங்க குணமாகத்தானே வர்றோம். ஒப்பீடு முடியட்டும், தாராளமா ஆகுங்க. முறைப்படி ஆகணும், அவ்வளவுதான்."

கொள்முதல் அதிகாரி தொண்டையைச் செருமினார். "சார், கம்பெனிக்காரங்க கேட்டா நாம பதில் சொல்லணும். வலியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கறது நம்ம பொறுப்பு."

அதற்கு 'வலி மீட்பு' என்று பெயர் வைத்தார்கள். என்ஜினியர் ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு வாளி கொண்டுவந்து தண்ணீர் நிரப்பினார். டீச்சர் அதை வலது கையில் தூக்கிக்கொண்டு நடைகூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க வேண்டும். கொள்முதல் அதிகாரி பக்கத்திலேயே நடந்து வந்தார்.

"இப்ப எத்தனைம்மா?"

"ஆறு."

"பிரமாதம். இன்னும் ஒரு சுத்து."

பெஞ்சில் இருந்த நோயாளிகள் கால்களை மடக்கி வழி விட்டார்கள். "இது என்ன வைத்தியம் டீச்சர், புதுசா இருக்கு?" என்று லாரி டிரைவர் கேட்டார். டீச்சருக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. பிசியோ பெண் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். திரும்பி வரும்போது டீச்சரின் கண்ணில் தண்ணீர் நின்றது, வாளியில் பாதி தளும்பிப் போயிருந்தது. அந்தப் பாதியையும் நிரப்பிக் கொடுத்தார் என்ஜினியர்.

ஏழு வந்தது. மூவரும் கை கொடுத்துக்கொண்டார்கள்.

கை தூக்க முடியாத நாள் முதலாக டீச்சருக்குத் தலை வாரி ஜடை போடுவது அவர் கணவர்தான். தபால் ஆபீசில் வேலை பார்ப்பவர். பார்சல் கட்டுகிற மாதிரிதான் ஜடையும் போடுவார், ஆனால் பிரிந்து போகாது. மறுநாள் காலை சீப்பைப் பிடித்தபடியே வாளிக் கதையைக் கேட்டார்.

"ஏங்க, இழுக்காதீங்க."

"நான் எங்க இழுக்கறேன், சிக்கு இழுக்குது. நான் ஒண்ணு சொல்லட்டுமா? அவங்களுக்கு வேண்டியது ஏழு. குடுத்துட்டுப் போயேன்."

"மறுபடி வாளி தூக்கவா?"

"யாரு தூக்கச் சொன்னா? வாயால சொல்லு. வைத்தியம் பாட்டுக்கு நடக்கட்டும், கை பாட்டுக்குச் சரியாகட்டும். எத்தனைன்னு கேட்டா ஏழு."

டீச்சர் திரும்பிப் பார்த்தார். ஜடை கணவர் கையிலிருந்து நழுவியது. "நம்பர்ல பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"தெரியும், நீ நம்ம பொண்ணுக்கே அரை மார்க் குறைச்சவ. அவ இன்னிக்கும் போன்ல சொல்லிக் காட்டறா." ஜடையை மறுபடி பிடித்தார். "எனக்கு இதுல ஒண்ணும் கஷ்டமில்லை, ஆயுசுக்கும் போட்டுவிடறேன். ஆனா அந்த லைப்ரரி அலமாரி முன்னால நீ உக்காந்திருக்கறதை என்னால பாக்க முடியாது."

டீச்சர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் போகும்போது யோசித்துக்கொண்டே போனார். பார்த்து எழுதினவர்கள், விடையை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் பின்னால் சோடித்தவர்கள் என்று எத்தனை பேரைப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறார்! அவர்கள் எல்லோரும் சேர்ந்து இப்போது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது கருவி ஆரம்பமானது. சில நாள் போனது. சுவரில் விரல்கள் போன தடவை நின்ற இடத்தைத் தாண்டி மேலே நடந்தன. வாசலில் குழு நீலக் கண்ணாடியோடு நின்றது.

"பத்துக்கு எத்தனை டீச்சர்?" என்று கேட்டாள் பிசியோ பெண்.

டீச்சரின் கண் என்ஜினியரின் வாளியைத் தேடியது. "ஏழு" என்றார்.

பிசியோ பெண் அவர் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு ஏழு என்றே எழுதிக்கொண்டாள்.

முதல் பொய்தான் கஷ்டம் என்பது உண்மை. மூன்றாவது கருவி வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் டீச்சர் ஏழு சொல்லிவிடும் அளவுக்குத் தேறிவிட்டார். தலைவருக்கு ஒரே பூரிப்பு. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு கட்டுப்பாடான வலியை நான் பாத்ததில்லை. அவங்கவங்க வலி இஷ்டத்துக்கு ஏறுது, இறங்குது. இது பாருங்க, போட்ட இடத்துல நிக்குது!" என்று மற்ற நோயாளிகள் காதில் படும்படி சொன்னார். டிரைவரும் இஸ்திரி அம்மாவும் தங்கள் வலியை நினைத்து வெட்கப்பட்டார்கள். ஒப்பீடு முடியும்வரை நிலையான நோயாளி தவிர வேறு யாருக்கும் அந்தக் கருவிகளை வைக்கக் கூடாது என்று உத்தரவு. அவர்கள் தினமும் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, ஒத்தடம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

குணமாவதை மறைப்பது வலியை மறைப்பதைவிடச் சிரமம். ஒரு நாள் பஸ்ஸில் டீச்சர் தன்னை மறந்து மேல் கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த நிறுத்தத்தில் கொள்முதல் அதிகாரி ஏறினார். டீச்சர் சட்டென்று கையை விட்டார். பஸ் பிரேக் போட்டது. முன் சீட்டுக்காரரின் மடியில் போய் உட்கார்ந்துவிட்டார். "பாவம், கையைத் தூக்க முடியாத அம்மா, யாராவது இடம் குடுங்களேன்" என்று அதிகாரி பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். நல்ல மனிதர்தான். டீச்சருக்கு உடம்பெல்லாம் கூசியது.

பள்ளிக்கூடம் திறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கடைசிக் கூட்டம் நடந்தது. கண்ணாடிக் கதவு போட்ட அறை. டீச்சர் கழுத்தில் அட்டையோடு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கை குணமாகிவிட்டது, வகுப்பு அவருடையது. இந்த அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் போதும்.

தலைவர் எழுந்து ஒற்றைக் குதிகாலைத் தூக்கிக்கொண்டார்.

"முதல் கருவி, முடிவில் ஏழு. நடுவுல அஞ்சுன்னு ஒரு சறுக்கல் வந்தது, அதை நாம உடனே திருத்திட்டோம். ரெண்டாவது ஏழு. மூணாவதும் ஏழு. ஆகவே மூணும் சமம். சமமா இருக்கற மூணுல ஒண்ணை வாங்கினா மத்த ரெண்டுக்கும் அநியாயம் செய்யறோம். மேலும், லேசரால வலி குறையலைங்கறது நிரூபணம் ஆயிடுச்சு. ஆகவே எதையும் வாங்க வேண்டாம், மூணையும் திருப்பி அனுப்பிடலாம். பிசியோதெரபி அறை இனி எதுக்கு? அதை ஒப்பீட்டுக் குழுவின் நிரந்தர அலுவலகமா மாத்தலாம்னு தீர்மானம்."

என்ஜினியர் அறையின் அளவுகளை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்.

டீச்சர் அந்தக் கணக்கை மனசுக்குள் படிப்படியாகப் போட்டுப் பார்த்தார். அவர் கொடுத்த 'ஏழு' என்பதை வைத்து அவர்கள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தார்கள். படியில் ஒரு பிழை இல்லை. எடுத்துக்கொண்ட எண்தான் பொய். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சு தெரிந்தது. டிரைவர் முழங்கையை மடியில் வைத்துத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இஸ்திரி அம்மா இடது கையால் தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு வரவேண்டியதைத் தான் தின்றுவிட்டதாக டீச்சருக்குத் தோன்றியது. அவமானமாக இருந்தது.

"தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் யாராவது இருந்தால் விதிப்படி வலது கையை உயர்த்தலாம்" என்று தலைவர் படித்தார். யாரும் எதிர்க்க மாட்டார்கள் என்பதால் படித்துக்கொண்டே கோப்பை மூடினார்.

டீச்சர் வலது கையைத் தூக்கினார்.

அரைகுறையாக அல்ல. காதை ஒட்டி, நேராக, விரல் நுனி மேலே மின்விசிறியைக் காட்டும்படி தூக்கினார். வாசலில் நின்ற பிசியோ பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா" என்றார் தலைவர் மெதுவாக. "கையை இறக்குங்க."

"எதிர்க்கிறேன் சார்."

"அது இருக்கட்டும். ரெக்கார்டுபடி உங்க கை மேல போகாது. தயவுசெஞ்சு இறக்கிடுங்க."

"போயிருக்கே சார். பாக்கறீங்களே."

"நான் பாக்கறது முக்கியமில்லைம்மா. நான் ஒருத்தன் பாத்தா அது அபிப்பிராயம். எழுதினாத்தான் ரெக்கார்டு."

"நான் சொன்ன ஏழு பொய் சார். வாளிக்குப் பயந்து சொன்னேன். கை எப்பவோ சரியாயிடுச்சு."

கொள்முதல் அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "எந்தக் கருவியாலம்மா?"

"அதை எப்படிச் சொல்றது? மூணும்தான் வெச்சீங்க. சுவத்துலயும் ஏறினேன்."

மூவரும் தலையைச் சேர்த்துப் பேசினார்கள். தூக்க முடியாத கையால் போட்ட ஓட்டு செல்லுமா? செல்லும் என்றால் இத்தனை நாள் எழுதினது பொய் என்று குழுவே ஒப்புக்கொண்டதாகும். செல்லாது என்றால் ஓட்டுப் போட முடியாதவரை உறுப்பினராக வைத்திருந்ததற்கு விளக்கம் எழுத வேண்டும். வெகுநேரம் முணுமுணுத்தார்கள். அப்போது பிசியோ பெண் வாசலில் இருந்தபடியே பணிவாகச் சொன்னாள்.

"சார், ஒரே ஒரு நோயாளியை வெச்சுப் பாத்ததாலதான் இந்தக் குழப்பம். நிறையப் பேரை வெச்சு மறுபடி ஒப்பிட்டா தெளிவாயிடும். குழுவும் கலையாது."

கடைசி வார்த்தை தலைவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "ஆனா வலி நிலையா இருக்கணுமேம்மா. எல்லாரும் இவங்களை மாதிரி இருப்பாங்களா?"

"அதை டீச்சர் பாத்துக்குவாங்க சார்" என்றாள் அவள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று டீச்சர் கரும்பலகையின் உச்சியில் தேதி எழுதினார். யாரும் கேட்காமலேயே அதை அழித்துவிட்டு இன்னொரு தடவை எழுதினார். ஜடை அவர் கையாலேயே போட்டது. கணவர் அன்று காலை சீப்பைக் கையில் எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தன் தலையை வாரிக்கொண்டு போனாராம்.

சாயங்காலம் சாக்பீஸ் தூள் ஒட்டிய கையோடு டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போனார். மூன்று கருவிகளும் அறையில் ஓடிக்கொண்டிருந்தன. பெஞ்சில் இருந்த எல்லோர் கழுத்திலும் 'நிலையான நோயாளி' அட்டை தொங்கியது. அட்டை இருந்தால் கருவி உண்டு, ஏழு இறங்காதவரை வாளி கிடையாது. டீச்சர் எதிரில் நின்றார்.

"எங்க, சொல்லுங்க பாப்போம். பத்துக்கு எத்தனை?"

"டீச்சர், இன்னிக்கு வலியே இல்லை!" என்று டிரைவர் முழங்கையை மடக்கி மடக்கிக் காட்டினார். "ஸ்டீயரிங்கை ஒத்தைக் கையால திருப்பினேன்!"

டீச்சர் ஒரு பார்வை பார்த்தார்.

"ஏழு" என்றார் டிரைவர்.

"ஏழு" என்றார் இஸ்திரி அம்மா, பக்கத்தில் பார்க்காமலேயே. டீச்சர் தலையசைத்தார்.

பெஞ்சின் கடைசியில் ஓர் ஆள் ஒற்றைச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குதிகாலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பச்சைக் கண்ணாடியோடு தலையைக் குனிந்திருந்ததால் டீச்சருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தலைவர்.

"ரொம்ப நாளா இருக்கும்மா" என்றார் குரலைத் தாழ்த்தி. "காலைல எந்திரிச்சு முதல் அடி வெக்கும்போது உயிர் போகுது. உள்ளதைச் சொன்னா, ஒன்பது."

டீச்சருக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வகுப்பு என்றால் வகுப்புதான்.

"எத்தனை?" என்று மறுபடி கேட்டார்.

தலைவர் பக்கத்தில் இருந்த டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வாயசைத்துக் காட்டினார்.

"ஏழு, டீச்சர்."